சென்னையின் எல்லை எங்கே முடிகிறது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு வாசகர் ‘சென்னை நகரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?’ என்று கேட்டிருந்தார். இடமின்மையால் இரண்டே வரிகளில் பதில் சொல்லியிருந்தோம். அது போதவில்லை என்று பல கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆகவே இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் தலைநகரின் எல்லைக்கும் அதன் நிர்வாகத்துக்குமே ஒதுக்கியிருக்கிறோம்.

எங்கள் வீட்டின் கிரயப் பத்திரத்தில் செங்கல்பட்டு மாவட்டம் என்று இருக்கிறது. அப்பாவின் பழைய குடும்ப அட்டையில் திருவள்ளூர் மாவட்டம். என் சொத்துவரி ரசீதில் பெருநகர சென்னை மாநகராட்சி. தெருமுனைக் காவல் நிலையத்தின் பலகையிலோ ஆவடி மாநகரக் காவல். நாங்கள் மூன்று தலைமுறையாக வீடு மாறவே இல்லை. நாங்கள் எந்த ஊர்க்காரர்கள்? (அம்பத்தூரிலிருந்து ஒரு வாசகர்)

உங்களிடம் இருக்கும் நான்கு தாள்களும் உண்மையையே சொல்கின்றன. 1997 ஜூலையில் அன்றைய செங்கல்பட்டு மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தபோது, அம்பத்தூர் திருவள்ளூருக்குச் சென்றது. 2011 அக்டோபரில் அம்பத்தூர் நகராட்சி கலைக்கப்பட்டுச் சென்னை மாநகராட்சியின் 7ஆவது மண்டலம் ஆனது. ஆனால் வருவாய்த் துறையின் கோடு அப்போது நகரவில்லை. 2018 ஜனவரியில்தான் சென்னை மாவட்டத்தின் எல்லை மாநகராட்சியின் எல்லையோடு பொருந்துமாறு விரிவாக்கப்பட்டு, அம்பத்தூர் வட்டம் சென்னை மாவட்டத்துக்குள் வந்தது. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளுக்கும் மேலாக, குப்பைக்கும் தெருவிளக்கிற்கும் சென்னையிடமும், பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் திருவள்ளூர் மாவட்ட நிர்வாகத்திடமும் நீங்கள் போகவேண்டியிருந்தது. 2022 ஜனவரி 1 முதல் சென்னைப் பெருநகரக் காவல் மூன்று ஆணையரகங்களாகப் பிரிக்கப்பட்டபோது, உங்கள் காவல் நிலையம் ஆவடி ஆணையரகத்தில் சேர்ந்தது.

நான் குடியிருக்கும் தெருவும் இப்படிப் பின்னாளில் நகருக்குள் வந்த தெருதான். எங்கள் வீட்டு நிலைக்கதவின் மேல் மூன்று தகடுகள் இருக்கின்றன. முதலாவது துருப்பிடித்த தகரம். ஊராட்சி எண் பாதி அழிந்துவிட்டது. இரண்டாவது நகராட்சி அடித்த நீலத் தகடு. மூன்றாவது மாநகராட்சியின் புதிய எண். தபால்காரர் இன்றும் நடுத்தகட்டைப் பார்த்துத்தான் கடிதம் கொடுக்கிறார். புதிய எண்ணை எழுதிய கடிதங்கள் இரண்டு தெரு தள்ளி இன்னொரு வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வருவது வழக்கம்.

இதற்கு வெளியே இன்னும் ஒரு கோடு உண்டு. நிலப் பயன்பாட்டைத் திட்டமிடும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் எல்லை நெடுங்காலம் 1,189 சதுர கிலோமீட்டராக இருந்து, 2022இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. மாநகராட்சியின் பரப்போ 426 சதுர கிலோமீட்டர்தான். ஆகவே ‘சென்னையில் மனை’ என்று விளம்பரம் வந்தால், எந்தக் கோட்டுக்குள் இருக்கும் சென்னை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்னைக்கு முதல் எல்லையை வகுத்தவர்கள் யார்? திருவல்லிக்கேணியும் மயிலாப்பூரும் தொடக்கத்திலிருந்தே சென்னைதானா? (திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு வாசகி)

இல்லை. உங்கள் திருவல்லிக்கேணியும் மயிலாப்பூரும் சென்னையைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தவை; சென்னைதான் அவற்றை வந்து சேர்ந்தது. 1639 ஆகஸ்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே என்பவருக்கு, விஜயநகர அரசின் கீழிருந்த தாமர்ல வேங்கடப்ப நாயக்கர் கடலோரத்தில் கொடுத்த நிலம் சுமார் மூன்று மைல் நீளமும் ஒரு மைல் அகலமும் கொண்ட மணல் பட்டைதான். 1640இல் அங்கே கோட்டை எழத் தொடங்கியது. நாயக்கரின் தந்தை சென்னப்பர் பெயரால் கோட்டைக்கு வடக்கே வளர்ந்த குடியிருப்பு சென்னப்பட்டணம் எனப்பட்டது.

அதன்பின் ஊர் ஊராகச் சேர்ந்தது. திருவல்லிக்கேணி 1670களில் கம்பெனியின் குத்தகைக்கு வந்தது. எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை ஆகியவை 1693இல் கிடைத்தன. 1708இல் நவாப் தாவூத் கான் கொடுத்த ஐந்து கிராமங்கள் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தாங்காடு ஆகியவை. அவற்றின் மீதான உரிமை பேரரசர் ஃபரூக்சியாரின் 1717ஆம் ஆண்டு ஆணைக்குப் பிறகே உறுதியானது. வேப்பேரி, பெரம்பூர், புதுப்பாக்கம், எர்ணாவூர், சடையன்குப்பம் ஆகியவை 1742இல் வந்தன. போர்த்துக்கீசியரின் சாந்தோமும் அதை ஒட்டிய மயிலாப்பூரும் 1749இல்தான் சேர்ந்தன.

இந்தப் பட்டியலைக் கூர்ந்து படித்தால் ஒன்று தெரியும். 1708இல் சேர்ந்த திருவொற்றியூரும் கத்திவாக்கமும் பின்னாளில் நகராட்சி எல்லைக்கு வெளியே தனி ஊர்களாக நின்று, 2011இல் மறுபடியும் உள்ளே வந்தவை. கம்பெனிக்குச் சொந்தமான நிலம் என்பது ஒன்று, நகரம் என்று வரி வாங்கி நிர்வகிக்கப்பட்ட இடம் என்பது வேறொன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதிக்கொள்வதால்தான் ‘எங்கள் ஊர் எப்போது சென்னையானது’ என்ற கேள்விக்கு வீட்டுக்கு வீடு வேறு பதில் கிடைக்கிறது.

பழைய எல்லையைக் கண்ணால் பார்க்க விரும்பினால் பாரிமுனைக்குப் போங்கள். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தபோதும், 1749இல் ஆங்கிலேயர் திரும்பிய பிறகும், கோட்டையை ஒட்டி இந்தியர்கள் வாழ்ந்த பழைய கருப்பர் நகரம் பீரங்கிக்கு மறைப்பாகிவிடும் என்று இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. இன்றைய உயர் நீதிமன்றம் நிற்பது அந்த இடத்தில்தான். இனி இந்த வெளியில் வீடு கட்டக்கூடாது என்பதற்கு அடையாளமாக 1773இல் எல்லைத் தூண்கள் நடப்பட்டன. அவற்றில் ஒன்று பாரிமுனையில் உள்ள டேர் ஹவுஸ் கட்டட வளாகத்தில் இன்னும் நிற்கிறது. ஆயிரக்கணக்கானோர் பேருந்துக்காக ஓடும் அந்த முனையில், ஒரு நகரமே அழிக்கப்பட்டதற்குச் சாட்சியாக நிற்பது அந்தத் தூண் ஒன்றுதான்.

சென்னை மாநகராட்சி 1688இல் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். அப்போதே மக்கள் வாக்களித்தார்களா? (விழுப்புரத்திலிருந்து ஓர் ஆசிரியர்)

தொடங்கிய ஆண்டு சரி, மக்கள் வாக்களிக்கவில்லை. ஆனால் அதன் பின்னணியில் இருந்த எண்ணம் நாம் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

லண்டனில் கம்பெனியை நடத்திய சர் ஜோசையா சைல்டுக்குச் சென்னைக் கோட்டையின் செலவு பெரும் கவலையாக இருந்தது. மக்களிடம் வரி கேட்டால் கலவரம், கேட்காவிட்டால் நட்டம். அவர் கண்ட வழி இது: நம் அதிகாரத்தால் நாம் ஆறு பென்ஸ் வரி போட்டால் முணுமுணுக்கிறவர்கள், தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்டால் பொது நன்மைக்கு ஐந்து ஷில்லிங்குகூட மனமுவந்து கொடுப்பார்கள். ஒரு ஷில்லிங் பன்னிரண்டு பென்ஸ் என்பதால், அவர் சொன்னது பத்து மடங்கு. சுயநலத்திலிருந்து பிறந்த கணக்குதான் அது. ஆனாலும் உள்ளாட்சியைப் பற்றி இதைவிடத் தெளிவாக ஒரு நிர்வாகி சொன்னதாக நான் படித்ததில்லை.

மன்னர் இரண்டாம் ஜேம்ஸுடன் கலந்து, 1687 டிசம்பர் 30 அன்று கம்பெனி சாசனம் வழங்கியது. 1688 செப்டம்பர் 29 அன்று மாநகராட்சி நடைமுறைக்கு வந்தது. ஒரு மேயர், 12 ஆல்டர்மேன்கள் (மேயருக்கு அடுத்த நிலை மூத்த உறுப்பினர்கள்), 60 நகரப் பிரதிநிதிகள். முதல் மேயர் நத்தேனியல் ஹிக்கின்சன். 12 ஆல்டர்மேன்களில் கம்பெனி ஊழியர் மூவர், போர்த்துக்கீசியர் இருவர், பிரெஞ்சுக்காரர் ஒருவர், யூத வணிகர் மூவர், இந்து வணிகர் மூவர். ஆல்டர்மேன்களுக்குச் சிவப்பு அங்கி, பிரதிநிதிகளுக்கு வெண்பட்டு, முன்னே வெள்ளிச் செங்கோல், தலைக்கு மேல் குடை. நம் கடற்கரை வெயிலில் அந்தக் கம்பளி அங்கியோடு ஊர்வலம் போனதைச் சற்று நினைத்துப் பாருங்கள். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கணக்கும் சொல்லித்தரப் பள்ளி, நகர மண்டபம், சிறைச்சாலை ஆகியவற்றை வரிப்பணத்தில் கட்டவேண்டும் என்றும் சாசனம் சொன்னது.

நடந்தது வேறு. உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை, கம்பெனி பெயர் குறித்தது. ‘தாங்களே விதித்துக்கொள்ளும் வரி’ என்பதில் அந்தத் ‘தாங்களே’ இல்லாமல் போனதால் வரியும் சைல்டு எதிர்பார்த்தபடி வரவில்லை. நாளடைவில் மேயர் அவை வழக்கு விசாரிக்கும் நீதிமன்றமாகவே பெரும்பாலும் இயங்கியது. 1726ஆம் ஆண்டுச் சாசனம் ஆல்டர்மேன்களை ஒன்பதாகக் குறைத்து, பெரும்பாலான இடங்களை ஆங்கிலேயருக்கே ஒதுக்கியது. பம்பாயும் கல்கத்தாவும் மேயர் அவை பெற்றது அந்தச் சாசனத்தால்தான்; ஆகவே இந்தியாவில் சென்னையின் மாநகராட்சியே மூத்தது என்பதில் ஐயமில்லை.

வால்டாக்ஸ் சாலை என்ற பெயர் எப்படி வந்தது? (சௌகார்பேட்டையிலிருந்து ஒரு வாசகர்)

சுவர் வரி என்பதன் ஆங்கிலப் பெயர்தான் அது. பிரெஞ்சுப் படையெடுப்பும் ஹைதர் அலியின் படை நகர வாசல்வரை வந்ததும் கொடுத்த அச்சத்தில், 1760களின் இறுதியில் தொடங்கிப் புதிய கருப்பர் நகரத்தைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். செலவை மதிலுக்குள் குடியிருப்போரிடம் வசூலிக்க நினைத்தார்கள். மக்கள் எதிர்த்தார்கள், அப்படி வரி போட அதிகாரம் உண்டா என்ற கேள்வியும் எழுந்தது, வரி வசூலாகவே இல்லை. வசூலாகாத வரியின் பெயர் சாலைக்கு நிலைத்துவிட்டது. மதிலின் ஒரு துண்டு ராயபுரம் பக்கம் பழைய சிறைச்சாலைச் சாலையில், மாடிப் பூங்கா என்ற பெயரில் இருக்கிறது.

பிறகு எப்போதுதான் உண்மையான தேர்தல் வந்தது? ரிப்பன் மாளிகைக்கு ஏன் ஓர் ஆங்கிலேயரின் பெயர்? (திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

1793 முதல் வீட்டுவரி வாங்கித் தெருக்களைப் பராமரிக்கும் வேலை, அரசு நியமித்த நீதிபதிகளிடம் இருந்தது. 1867ஆம் ஆண்டுச் சட்டம் நகரை எட்டு வட்டாரங்களாகப் பிரித்து, வட்டாரத்துக்கு நால்வராக 32 ஆணையர்களை நியமித்தது. 1878இல் அவர்களில் பாதிப் பேரை, அதாவது 16 பேரை, வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்கலாம் என்று ஆயிற்று. சென்னையில் மக்களில் ஒரு பகுதியினரேனும் வாக்களித்துத் தங்கள் பிரதிநிதியை அனுப்பத் தொடங்கியது அப்போதுதான். சைல்டின் சாசனத்துக்குப் பிறகு 190 ஆண்டுகள் கழித்து.

1882இல் தலைமை ஆளுநர் ரிப்பன் பிரபு, உள்ளாட்சி அமைப்புகளில் அதிகாரிகள் அல்லாதவர்களே பெரும்பான்மையாக இருக்கவேண்டும் என்று தீர்மானம் வெளியிட்டார். மக்களுக்கு அரசியல் பயிற்சி கிடைப்பதே அதன் நோக்கம் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். 1884ஆம் ஆண்டுச் சட்டத்தில் தேர்ந்தெடுக்கப்படுவோர் 24 ஆக உயர்ந்தது அந்தத் தீர்மானத்தின் பயன். 1913 நவம்பரில் திறக்கப்பட்ட, மாநகராட்சியின் தலைமையகமான வெள்ளை மாளிகைக்கு அவர் பெயர் வைத்தது பொருத்தமே. ஆள வந்தவர்களின் பெயர்களில் நாம் நன்றியோடு வைத்துக்கொள்ளத் தக்க பெயர் அது என்பது என் கருத்து.

1919ஆம் ஆண்டுச் சென்னை மாநகராட்சிச் சட்டம் 50 உறுப்பினர்கள் கொண்ட மாமன்றத்தை ஏற்படுத்தியது. அந்தச் சட்டத்தின் கீழ்த் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் காலத்தில், 1920இல், ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவிட்டுப் பகல் உணவு கொடுக்க மாமன்றம் தீர்மானித்தது. பின்னர் தமிழ்நாடு முழுவதும் பரவிய ஒரு திட்டத்தின் விதை, தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு நகர அவையில் விழுந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. 1933இல் மேயர் என்ற பெயர் திரும்பி வந்தது, குமாரராஜா மு.அ. முத்தையா செட்டியார் அந்தப் பதவியேற்றார். 1945இல் என். சிவராஜ் ஒடுக்கப்பட்ட வகுப்பிலிருந்து வந்த முதல் மேயரானார். அந்த 1919ஆம் ஆண்டுச் சட்டம், திருத்தங்களோடு, 2023 ஏப்ரலில் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை உயிரோடு இருந்தது.

1953இல் சென்னை நம் கையைவிட்டுப் போயிருக்குமா? மாநகராட்சிக்கு அதில் பங்கு உண்டா? (திருத்தணியிலிருந்து ஒரு வாசகர்)

போயிருக்கலாம், குறைந்தபட்சம் பங்கு போடப்பட்டிருக்கலாம். பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15 அன்று உண்ணாநோன்பில் உயிர்நீத்த பிறகு, ஆந்திர மாநிலம் அமைவது உறுதியாயிற்று. சென்னை தங்களுக்கே என்றும், இல்லாவிட்டால் தற்காலிகத் தலைநகரமாகவேனும் வேண்டும் என்றும் ஆந்திரத் தலைவர்கள் கேட்டார்கள். கூவம் ஆற்றை எல்லையாக வைத்து நகரை இரண்டாக்கலாம் என்ற பேச்சும் அன்று இருந்தது. முதலமைச்சர் ராஜாஜி தற்காலிகத் தலைநகரம் என்பதற்கும் இடங்கொடுக்கவில்லை. மேயராக இருந்த டி. செங்கல்வராயன் ரிப்பன் மாளிகையில் கூட்டிய கூட்டத்தில் பல கட்சியினரும் ஒன்றுசேர்ந்து நின்றார்கள். ‘தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்’ என்ற ம.பொ.சி.யின் முழக்கம் அந்தப் போராட்டத்தில் பிறந்தது. 1953 மார்ச்சில் சென்னை தமிழர் பகுதியிலேயே இருக்கும் என்று பிரதமர் நேரு அறிவித்தார். அக்டோபர் 1 அன்று கர்நூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திர மாநிலம் பிறந்தது.

இதை நான் வெற்றி தோல்விக் கணக்காகச் சொல்லவில்லை. சென்னையை வளர்த்ததில் தெலுங்கு பேசுவோரின் பங்கு மிகப் பெரியது, நிலம் கொடுத்த நாயக்கரே தெலுங்கர்தான். சொல்ல வந்தது, தேர்ந்தெடுக்கப்பட்ட நகர அவை ஒன்று இருந்ததால்தான், நகர மக்களின் குரல் என்று டெல்லிக்குக் காட்ட ஒன்று இருந்தது என்பதே.

வேளச்சேரி, கொளத்தூர் எல்லாம் எப்போது சென்னையில் சேர்ந்தன? (வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகி)

1946இல் சைதாப்பேட்டை நகராட்சி, செம்பியம் முதலியவை சேர்ந்தபோது நகரின் பரப்பு ஏறத்தாழ 80 சதுர கிலோமீட்டரிலிருந்து 129 ஆயிற்று. 1977-78இல் உங்கள் வேளச்சேரியும் திருவான்மியூர், கொளத்தூர், வில்லிவாக்கம், விருகம்பாக்கம், சாலிகிராமம், கொடுங்கையூர் முதலியவையும் சேர்ந்தபோது 174 ஆயிற்று.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றையும் நான் சொல்லியாக வேண்டும். 1973 டிசம்பரில், போலி வருகைப் பதிவேட்டு ஊழலைக் காரணமாகக் காட்டி மாமன்றம் கலைக்கப்பட்டது. தனி அலுவலர் ஆட்சி வந்தது. அது 1996 வரை நீடித்தது. அப்படியானால், 1978இல் வேளச்சேரிக்காரர்கள் ஊராட்சி என்ற அமைப்பை இழந்து நகரவாசிகளானார்கள். நகரவாசிகளாக முதல் வாக்கைப் போட 18 ஆண்டுகள் காத்திருந்தார்கள். ஏரிக்கரையில் வீடுகள் எழுந்ததும், வயல்கள் மனைகளானதும், மழைநீர் போகும் வாய்க்கால்கள் மறைந்ததும் அந்த 18 ஆண்டுகளில் பெருமளவு நடந்தவை. கேட்பதற்கு உறுப்பினர் இல்லை. அதட்டிக் கேட்கத் தெருவுக்கு ஒரு பிரதிநிதி இல்லை. பின்னாளில் வேளச்சேரியில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்போதெல்லாம் நான் மழையை மட்டும் நினைப்பதில்லை. அந்த ஆண்டுகளையும் நினைத்துக்கொள்வேன்.

அதே 1978இல்தான் குடிநீரும் பாதாள சாக்கடையும் மாநகராட்சியின் கையிலிருந்து எடுக்கப்பட்டுத் தனி வாரியத்திடம், நாம் மெட்ரோ வாட்டர் என்று சொல்லும் அமைப்பிடம், கொடுக்கப்பட்டன. இதனால்தான் இன்றும் தெருவில் தண்ணீர் பொங்கினால், அது மழைநீர் வடிகாலா சாக்கடையா என்று முதலில் முகர்ந்து பார்த்துவிட்டு எந்த அலுவலகத்துக்குத் தொலைபேசுவது என்று முடிவு செய்யவேண்டியிருக்கிறது.

அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்த பிறகே, 1996இல் 155 வட்டங்களுக்கு (வார்டுகளுக்கு) தேர்தல் நடந்தது. மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள், மு.க. ஸ்டாலின் மேயரானார். அதே ஆண்டில் நகரின் அதிகாரப்பூர்வப் பெயரும் ஆங்கிலத்தில் மெட்ராஸ் என்பதிலிருந்து சென்னை என்று மாறியது.

2011 விரிவாக்கத்தால் எங்களுக்கு நன்மையா தீமையா? எங்கள் ஆலந்தூர் நகராட்சி நன்றாகத்தானே நடந்துகொண்டிருந்தது? (ஆலந்தூரிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் அலுவலர்)

உங்கள் கேள்வியில் உள்ள வருத்தம் எனக்குப் புரிகிறது. முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என 42 உள்ளாட்சி அமைப்புகள் 2011 அக்டோபரில் மாநகராட்சியோடு இணைந்தன. பரப்பு 174இலிருந்து 426 சதுர கிலோமீட்டரானது. வட்டங்கள் 200. அவற்றில் பழைய நகருக்கு 107, புதிய பகுதிகளுக்கு 93. முன்பு 155 உறுப்பினர்களை அனுப்பிய பழைய நகரம் 107 பேரோடு நின்றது. முன்பு தங்களுக்கென ஒரு நகராட்சித் தலைவரும் முழு மன்றமும் வைத்திருந்த ஊர்கள், இருநூறு பேரில் சிலராகச் சுருங்கின. இரண்டு பக்கத்திலும் ஓர் உறுப்பினருக்கு உரிய மக்கள்தொகை கூடியது.

இணைப்பு வேண்டியதாக இருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஏனென்றால் நகரம் ஏற்கெனவே அந்த ஊர்களைப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. பெருங்குடியில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில், சென்னையின் குப்பை 1980களிலிருந்து கொட்டப்பட்டு வந்தது; பெருங்குடி நகருக்குள் வந்ததோ 2011இல். கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழைக் குடும்பங்கள் 2000 முதல் கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும் அனுப்பப்பட்டார்கள். அவையும் அப்போது மாநகராட்சிக்கு வெளியே. நகரத்தில் பிறந்து, நகரத்துக்கு உழைத்து, நகர எல்லைக்கு வெளியே ஊராட்சிக்காரர்களாக ஆக்கப்பட்டவர்கள் அவர்கள். அவர்களை மீண்டும் எல்லைக்குள் கொண்டுவந்தது நியாயம். மீனம்பாக்கம்கூட அந்த ஆண்டுதான் மாநகராட்சிக்குள் வந்தது.

ஆனால் ஆலந்தூர் வேறு. 1990களின் பிற்பகுதியில் உங்கள் நகராட்சி பாதாள சாக்கடை கட்ட முனைந்தபோது, அரசுப் பணத்துக்காகக் காத்திராமல் வீடு வீடாகப் போய்க் கேட்டது. வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம். தெருக்கூட்டங்கள், குடியிருப்போர் சங்கங்கள், நகராட்சித் தலைவரே வந்து விளக்கிய மாலைகள் எல்லாம் உங்களுக்கு நினைவிருக்கும். குழாய் புதைக்கும் முன்பே பணத்தைக் கட்ட மக்கள் முன்வந்தார்கள். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் அதிகாரிகள் வந்து பார்த்துப் போன திட்டம் அது. மதில் கட்டிவிட்டு வரி கேட்டபோது கருப்பர் நகரத்து மக்கள் கொடுக்கவில்லை. கட்டுவதற்கு முன்பே கேட்டபோது ஆலந்தூர் மக்கள் கொடுத்தார்கள். ஜோசையா சைல்டு 1687இல் போட்ட கணக்கு சென்னையில் முதன்முதலாகச் சரிவந்தது அங்கேதான் என்று சொல்வேன்.

அந்த நெருக்கத்தைத்தான் இழந்தீர்கள். நிதியும் பொறியாளர்களும் பெரிய இயந்திரங்களும் பெருநகரத்தில் கூடுதலாகக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் நகராட்சி அலுவலகத்துக்குச் சைக்கிளில் போய்த் தலைவரைப் பார்த்துவிட்டு வந்த இடத்தில், இன்று மண்டல அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு ரிப்பன் மாளிகையின் முடிவுக்குக் காத்திருக்கிறீர்கள். இணைப்பின்போது மண்டலங்களுக்குச் சொந்த வரவு செலவு அதிகாரம் கொடுத்திருந்தால் இந்த இழப்பு பாதியாவது குறைந்திருக்கும். இப்போதும் கொடுக்கலாம், தடையாக நிற்பது மனம் மட்டுமே.

அதற்குப் பின் நடந்தது இன்னும் வருத்தம் தருவது. 2016 அக்டோபரில் நடக்கவேண்டிய தேர்தல் இட ஒதுக்கீட்டு வழக்கால் நின்று, 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடைப்பட்ட காலம் மீண்டும் தனி அலுவலர் காலம். 2022இல் ஆர். பிரியா மேயரானார், தாரா செரியன், காமாட்சி ஜெயராமனுக்குப் பிறகு மூன்றாவது பெண், தலித் பெண்களில் முதலாமவர். மாமன்ற உறுப்பினர்களில் பாதிக்கு மேல் பெண்கள்.

பரங்கிமலை கண்டோன்மென்ட் மாநகராட்சியில் உண்டா? (பல்லாவரத்திலிருந்து ஒரு வாசகர்)

இல்லை. சுற்றிலும் மாநகராட்சிப் பகுதி இருந்தாலும், பரங்கிமலை-பல்லாவரம் கண்டோன்மென்ட் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் தனி வாரியம். நீங்கள் இருக்கும் பல்லாவரம் நகராட்சிப் பகுதியோ 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியில் இணைந்துவிட்டது. 2019இல் ஆவடியும் மாநகராட்சியானது. சென்னையை மேலும் மேலும் பெருக்காமல் பக்கத்தில் தனி மாநகராட்சிகளை அமைத்த அந்த முடிவை நான் வரவேற்கிறேன்.

என் தெருப் பிரச்சினையைச் சொல்ல 200 பேர் உள்ள மாமன்றம்வரை போகத்தான் வேண்டுமா? (அதே அம்பத்தூர் வாசகர், கடிதத்தின் பின்குறிப்பாக)

வேண்டாம். ஒவ்வொரு வட்டத்திலும் மாமன்ற உறுப்பினர் தலைமையில் வட்டக் குழுவும், வட்டத்தைப் பல பகுதிகளாகப் பிரித்துப் பகுதி சபைகளும் அமைய விதிகள் வந்திருக்கின்றன. 2022 நவம்பர் 1 அன்று, உள்ளாட்சிகள் தினத்தில், தமிழக நகரங்களில் பகுதி சபைகள் முதன்முறையாகக் கூடின. கிராம சபைக்கு நகரத்தில் இணையானது அது. அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், நீங்கள் அதன் உறுப்பினர். உங்கள் வட்ட அலுவலகத்தில் அடுத்த கூட்டம் என்றைக்கு என்று கேளுங்கள். தேதி இன்னும் வைக்கவில்லை என்றால், வைக்கும்படி எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். போகும்போது அந்த நான்கு தாள்களையும் எடுத்துச் செல்லுங்கள். பட்டா விவரமும் சொத்துவரி எண்ணும் பொருந்துகின்றனவா என்று சரிபார்க்க அவை பயன்படும்.